அம்மனையும் கேட்டோம், அண்ணனையும் கேட்டோம்

வடக்குப்பட்டு
9.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

காவேரி எழுதுகிறேன். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் சுகத்தை எழுத ஒரு தாள் போதாது. கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. ஒரே அறை வீடு, அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். போனில் நான் 'ம்' என்றால்கூட எதற்கு 'ம்' என்று கேட்கிறார். இதைக் கம்பெனி கேன்டீனில், சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

ஜூலையில் வைத்திருந்த ஆபரேஷன் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன். நான் அவருக்குக் கிட்னி கொடுக்கப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூக் கேட்டோம். இவர்கள் வீட்டில் போர் போடவும் பூ, பெண் எடுக்கவும் பூ. சிப்காட்டுக்கு நிலம் போனபோதுகூட கேட்டார்களாம், அரசாங்கம் அந்தப் பூவுக்காகக் காத்திருந்த மாதிரி. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழை இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் நிலாதான் எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. தான் பெற்ற பிள்ளைக்குச் சிவப்பு வந்துவிட்டதே என்று என் மாமியார் அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார். இவர்தான், "சரி, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

இதில் உன் பங்கும் இருக்கிறது. முன்னெல்லாம் உனக்குப் பயந்து என்னிடம் யாரும் பூ, குறி என்று பேச மாட்டார்கள். உன் சென்னைக் கூட்டத்து வீடியோ வந்ததும் அது போயிற்று. இருபது வருஷமாக மேடையில் கடவுள் இல்லை என்று சொன்ன விஞ்ஞானி, ஒரு காலேஜ் பெண் கேட்டதும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டாராம். அத்தை அதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, "ஒங்கண்ணனுக்கே தெர்லயாம், அம்மனையே கேட்டுடலாம்" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. கம்பெனியில் என்னோடு லைனில் நிற்கும் மாரிசெல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஒரகடம் ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்த முகவரி பின்னால் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
காவேரி


பெங்களூரு
16.6.2025

அன்புத் தங்கை காவேரிக்கு,

உன் கடிதம் வரும்வரை நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். சசிரேகா அதைப் படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் எழுதவில்லை.

ஏப்ரலில் உன் ரத்தமும் அவர் ரத்தமும் சேர்ந்தது. மற்ற பரிசோதனைகளும் சரியாக வந்தன. அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்து சிரித்தாய். எழிலரசனுக்கு நாற்பத்தொரு வயது. இறந்தவர் தானத்துக்கான வரிசையில் எத்தனை வருஷம் நிற்பார்? இரண்டு பொட்டலம் வைத்து ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். காசைச் சுண்டிப் போட்டு ஒரு மனிதனைச் சாக விடுவாயா? அப்பா வளர்த்த பெண்ணா நீ?

எனக்குச் சில கேள்விகளுக்குப் பதில் எழுது. பூ எங்கே பறித்தது? பொட்டலம் கட்டியது யார்? நிலாவை எடுக்கச் சொன்னது யார்? இலைக்கு வெளியே நிறம் தெரிந்ததா? கொடுப்பவருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு என்று டாக்டர் சதவீதத்தோடு உன்னிடமே சொன்னார். அதை மறந்துவிட்டாயா?

வீடியோ வேறு விஷயம். அதை இதோடு கலக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எழிலரசன் தண்ணீரை அளந்து குடிக்கிறாரா என்று கவனி.

அண்ணன்
பகலவன்


வடக்குப்பட்டு
1.7.2025

அண்ணாவுக்கு,

உன் கோபத்தோடு கூடிய கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பது கோபத்திலேயே தெரிந்தது. அண்ணியைக் கதவைத் திறந்து வெளியே வரச் சொல்.

உன் கேள்விகளுக்குப் பதில். பூ எங்கள் தெரு வேலியில் பறித்தது. நிலாவை எடுக்கச் சொன்னது அத்தை. இலை தடிப்பு, நிறம் தெரியவில்லை. போதுமா? நான் என்ன உன் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவளா?

இவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காஞ்சிபுரம் போய் வர ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. கால் வீங்கிக் கிடக்கிறது. டிரக் கம்பெனியில் பதினான்கு வருஷம் நின்றே வேலை பார்த்த கால். கம்பெனி பஸ் தெருவில் போகும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அம்மன் சொன்னது தப்பு என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? மேடையில் ஊருக்கு முன்னால் தெரியாது என்கிறாய். தங்கையிடம் மட்டும் எல்லாம் தெரியும் என்கிறாய். இது எந்த ஊர் நியாயம் அண்ணா?

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. சாப்பிடாமல் எழுதினேன்.

காவேரி


பெங்களூரு
12.7.2025

அன்புள்ள காவேரி,

இங்கே மழை, எனக்கு லேசான ஜலதோஷம், வேறு குறை இல்லை. நீ நேரம் தவறாமல் சாப்பிடு.

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். நாத்திகன் என்றால் கடவுள் இல்லை என்று முடிவு கட்டியவன். இன்னொரு வகை ஆள் இருக்கிறான். உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்பான். நான் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அலைகிறேன். திங்கட்கிழமை முதல் ஆளாக எழுந்திருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் இரண்டாவது ஆளாகிவிடுகிறேன். இந்த அண்டம் ஏன் இருக்கிறது, இல்லாமலே போயிருக்கலாமே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப்பேர் நிலை இதுதான். வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அண்டத்தைப் பற்றித் தெரியாது என்பதும், அரளிப்பூவுக்குக் கிட்னியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதும் வேறு வேறு. முதலாவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாவதில் இல்லவே இல்லை.

பகுத்தறிவு இயக்கத்து நண்பர் இராமச்சந்திரன் போன் செய்து, வயதாகிவிட்டதா, திருநீறு எப்போது என்று கேட்டார். இருபது வருஷப் பழக்கம், அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சென்னையில் அன்றைக்கு நேர்மையாகப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்கு மறுபடியும் தேதி கேள்.

பகலவன்


வடக்குப்பட்டு
4.8.2025

அண்ணாவுக்கு,

ஜலதோஷம் விட்டதா? இங்கே போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் இவர் மயங்கி விழுந்துவிட்டார். பூக்காரம்மா ஒருத்தர் மடியில் தலையை வைத்துக்கொண்டு விசிறினார். ரத்த அழுத்தம் இறங்கியதாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று கேட்டார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நடுவில் அலைவதைப் பற்றி எழுதியது எனக்குப் புரிந்தது. கடைசியில் 'அதற்குமேல் ஒன்றும் இல்லை' என்று எழுதினாய் பார், அதைத்தான் நான் நம்பவில்லை.

அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் முதல் வரிசையில் யாரையோ பார்க்கிறாய். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்து அப்பா முன்னால் நின்றாயே, அதே முகம். உனக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை பயந்துபோய்த் தெரியாது என்றாயா? உள்ளதைச் சொல். எனக்கு இது முக்கியம்.

காவேரி


வடக்குப்பட்டு
2.9.2025

அண்ணாவுக்கு,

நலமா? நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாரிசெல்வி தினமும் பஸ்ஸில் ஏறும்போதே கையை விரித்துக் காட்டுகிறாள். கேட்டது தப்பு என்றால் மன்னித்துக்கொள்.

நிலா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் பக்கத்திலும் போவதில்லை. கூப்பிட்டால் ஹோம்வொர்க் என்கிறாள். ஒரு வரியாவது எழுது.

காவேரி


வடக்குப்பட்டு
8.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நிலா எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? நான் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறேன். உங்கள் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த அட்ரஸைப் பார்த்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கோயிலில் பொட்டலம் எடுத்தது நான்தான். முதலில் வலது பக்கம் இருந்ததைத் தொட்டேன். அப்புறம் கையை மாற்றி இடது பக்கம் இருந்ததை எடுத்துவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் தொட்டதையே எடுத்திருந்தால் அப்பாவுக்குச் சரியாகியிருக்குமா? உங்களுக்கு நட்சத்திரம் பற்றியெல்லாம் தெரியும் என்று மிஸ் சொன்னார்கள். அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
எ. நிலா


பெங்களூரு
13.9.2025

அன்பு நிலாவுக்கு,

மாமாவும் அத்தையும் நலம். உன் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில், இல்லை. நீ வலது பக்கத்தை எடுத்திருந்தாலும், இடது பக்கத்தை எடுத்திருந்தாலும், எடுக்காமலே ஓடி வந்திருந்தாலும் அப்பாவின் உடம்பு இப்படித்தான் இருக்கும். அவருடைய கிட்னி மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கெட ஆரம்பித்துவிட்டது. உன் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேடையில் தெரியாது என்று சொன்ன மாமாதானே, இதையும் சும்மா சொல்கிறாரோ என்று நினைக்காதே. இது எனக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு தெரியும்.

அப்பா பக்கத்தில் போய் உட்கார். ஒழுங்காகச் சாப்பிடு.

உன் மாமா
பகலவன்


பெங்களூரு
13.9.2025

அன்புள்ள காவேரி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உடம்பு இல்லை.

நிலா எனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே என்று கேட்டாள், அந்தப் பிள்ளையின் பேச்சை மீறுகிறேன். அவளுக்குப் பதிலை வீட்டு முகவரிக்கே போட்டுவிட்டேன். முதலில் அவளுக்கு, 'நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும்' என்றுதான் ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளை, தன் கைதான் அப்பாவைக் கொல்கிறது என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டு இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு 'இல்லை' என்று எழுதினேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையைத் தயங்காமல் எழுதினேன்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். சென்னைக் கூட்டத்துக்கு முன்னால், என் பேச்சு பக்தர்கள் மனதைப் புண்படுத்துகிறது என்று எங்கள் நிறுவனத்துக்கு ஒரு புகார் வந்தது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, மிரட்டவில்லை. அந்தப் புகாரை மேஜைமேல் வைத்துவிட்டு, காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒன்பது வருஷமாக நான் கட்டிக்கொண்டிருக்கும் தொலைநோக்கியின் கோப்பும் அதே மேஜையில் இருந்தது. சென்னைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

தெரியாது என்பது உண்மை, காவேரி. வீட்டில் தனியாக இருக்கும்போதும் எனக்கு அது தெரியாதுதான். ஆனால் அன்றைக்கு அதை என் வாயிலிருந்து வரவழைத்தது பயம். உண்மையையே பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன், இப்போது நானே அதை நம்ப முடியாமல் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எழிலரசனைக் கேட்டதாகச் சொல்.

பகலவன்


வடக்குப்பட்டு
6.10.2025

என் அண்ணாவுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவும் எனக்குத் தெம்பு இல்லை. நீ நிலாவுக்கு எழுதியதை அவர்தான் வாங்கிப் பிரித்தார். அவளுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தவர் பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டார். "இதையா இவ்ளோ நாளா மன்சுல வெச்சுகினு இருந்த?" என்று அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் விலகிப் போய்விட்டாள். மாமாவுக்குச் சாமியைப் பற்றித் தெரியாது, அதனால் அப்படி எழுதுகிறார் என்று பாட்டியிடம் சொன்னாளாம்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்கள் ஒயரிங் லைனுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். சூப்பர்வைசர் என்னிடம் தட்டைக் கொடுத்துக் கற்பூரம் காட்டச் சொன்னார். தட்டில் சிவப்பு அரளி இருந்தது. தட்டு என் கையில் சாய்ந்துவிட்டது. மாரிசெல்வி பிடித்துக்கொண்டு, "ஏக்கா, என்னாச்சு ஒங்களுக்கு?" என்றாள். அங்கே சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

பொட்டலம் கட்டியது யார் என்று ஜூனில் கேட்டாய். மற்றதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டேன். நான்தான் கட்டினேன். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். அம்மாவைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது நீ பெங்களூரில் இருந்தாய், அப்பா வெளியூரில் இருந்தார். பத்தொன்பது வயதில் நான்தான் கூட இருந்தேன். சின்ன ஆபரேஷன், ஒன்றும் ஆகாது என்றார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் போனாள். நான்கு மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, பெரியவங்க யாரும் வரலையா என்று கேட்டார். மறுநாள் நீ வந்தாய். மருத்துவத்தில் சில சமயம் இப்படி ஆகும் என்று நீயும் அப்பாவும் பேசிக்கொண்டீர்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று சொன்னால் புருஷனைச் சாக விட்டவள் என்பார்கள். அம்மன் வேண்டாம் என்றாள் என்றால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரைப் பெற்ற தாயே எதிர்த்து வாய் திறக்கவில்லை, பார்த்தாயா? அத்தை அழுததைப் பார்த்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நிலாவை எடுக்கச் சொன்னபோது தடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. எந்தப் பக்கம் கை நீட்டியிருந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சிவப்புதான் கிடைத்திருக்கும். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? நான் பாவி அண்ணா.

காவேரி


பெங்களூரு
14.10.2025

என் காவேரிக்கு,

நீ என்னைக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நலமாக இல்லை. மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நான் உனக்கு எழுதியவற்றை நினைத்துப் பார்த்தேன். சதவீதம் எழுதினேன், பாதிக்குப் பாதி எழுதினேன், அப்பாவை வேறு இழுத்தேன். உனக்குப் பயமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா இறந்து நான் வந்த அன்றும் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

கிட்னியைக் கொடு என்றோ கொடுக்காதே என்றோ இனி நான் சொல்ல மாட்டேன். உடம்பு உன்னுடையது. ஆனால் நிலாவிடம் சொல்லிவிடு. அவள் உன்மேல் கோபப்படட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். தன் கைமேல் அவளுக்கு இருக்கும் பயம் போக வேண்டும்.

நான் இயக்குநரைப் பார்த்தேன். அடுத்த கூட்டத்திலும் தெரியாது என்றுதான் சொல்வேன், சென்னையில் ஏன் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன் என்றேன். இந்தத் தடவை காபி கொடுக்கவில்லை. தொலைநோக்கி என் கையை விட்டுப் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

சசிரேகா உன்னைக் கட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னாள்.

பகலவன்


வடக்குப்பட்டு
17.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள்.

தீபாவளிக்கு முந்தின நாள் சொன்னேன். அவர், அத்தை, நிலா, மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நிலா, "ரெண்டுமேவா? ரெண்டுமேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் அவர் கட்டிலில் ஏறி, அவர் முதுகுப் பக்கம் படுத்துக்கொண்டாள். நான்கு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் போனாள். என்னோடு பதினோரு நாள் பேசவில்லை.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "பயமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே காவேரி" என்றார். அப்புறம் வேறு பிடிவாதம். பயந்துகொண்டு கொடுக்கிற கிட்னி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது நான் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. என் பயம் எங்கேயும் போகாது, அதைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியில் இந்த மாதம் இருபத்தேழாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அத்தை என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். பெற்றவள் வயிறு, துப்பட்டும். பிறகு அவரே வந்து, மறுபடியும் பூக் கேட்கலாம், நானே பொட்டலம் கட்டுகிறேன் என்றார். முடியாது என்றேன். வெள்ளை வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன், சிவப்பு வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அம்மன் இருக்கிறாளா என்று உன்னைப் போல எனக்கும் தெரியாது. இருந்தால், அவள் பேரைச் சொல்லி நான் செய்ததை மன்னிக்கட்டும்.

நீ இருபத்தாறாம் தேதியே வந்துவிடு. மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப்போவார்கள். ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். மாரிசெல்வி சொல்கிறாள், லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவிடமும் இதைத்தான் சொன்னார்கள். நீயும் வந்து அதைச் சொல்லாதே. அம்மா திரும்பி வருவாளா என்று நிலா உன்னிடம் கேட்பாள். தெரியாது என்று சொல். சொல்லிவிட்டு, நான் வரும்வரைக்கும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திரு.

உன் தங்கை
காவேரி